முதல் கேபரைத் தூக்குவதற்கு முன்: ஸ்காட்லாந்து ஹெவி போட்டிகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

12.7 கிலோ, அதாவது 28 பவுண்டு, என்றால் கேட்கப் பெரிய எடையாகத் தெரியாது. வீட்டுக்கு வாங்கும் அரிசிப் பையே அதைவிடக் கனமாக இருக்கும். அதே 12.7 கிலோவை ஓர் இரும்பு உருண்டையாக்கி, குட்டையாக ஒரு சங்கிலியும் கைப்பிடி வளையமும் மாட்டி, ஒற்றைக் கையில் பிடித்து இரண்டு சுற்று சுழன்று பாருங்கள். முதல் சுற்றில் நீங்கள் அதை இழுப்பீர்கள். இரண்டாவது சுற்றில் அது உங்களை இழுக்கும். நான்கு விரலும் வளையத்தில் நீண்டு, தோள்மூட்டு லேசாகக் கழன்று வருவதுபோல இருக்கும். இடது கால் எங்கே ஊன்றியது என்று உங்களுக்கே தெரியாது.

எனக்கு முதல் நாள் அப்படித்தான் இருந்தது. அதற்கு முன் மூன்று வருடம் விடாமல் ஜிம்முக்குப் போயிருந்தேன். எடை 31 அடியில் விழுந்தது. எனக்கு அடுத்து எறிந்தவர் அறுபதை நெருங்கியவர், என்னைவிட மெலிந்தவர். அவர் 44 அடி எறிந்தார். அவருடைய கையையே நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, "கையை விடு தம்பி, காலைப் பார்" என்கிற பொருளில் ஏதோ சொன்னார். இங்கே எழுதப்போகிறவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு பேச்சிலிருந்து நான் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டதுதான்.

இது என்ன விளையாட்டு

ஸ்காட்லாந்தில் மே முதல் செப்டம்பர் வரை ஊர் ஊராக ஹைலேண்ட் கேம்ஸ் நடக்கும். பேக்பைப் (தோற்பைக் குழல்) இசை, நடனம், ஓட்டப்பந்தயம், கயிறு இழுத்தல் எல்லாம் ஒரே புல்வெளியில் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும், நம் ஊர்த் திருவிழா மாதிரி. நடுவில் கில்ட் என்ற பாவாடை போன்ற ஸ்காட்டிஷ் உடை கட்டிய ஆட்கள் கல்லையும் இரும்பையும் மரத்தையும் எறிந்துகொண்டிருப்பார்கள். அதுதான் ஹெவி ஈவென்ட்ஸ். களத்தில் இருப்பவர்கள் சுருக்கமாக 'ஹெவீஸ்' என்பார்கள். இவற்றில் பெயர்பெற்றது அபர்டீன்ஷையரில் உள்ள பிரேமாரில் செப்டம்பர் முதல் சனிக்கிழமை நடக்கும் கூட்டம். 1848-இல் விக்டோரியா மகாராணி வந்ததிலிருந்து அரச குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. புலம்பெயர்ந்த ஸ்காட்டிஷ் மக்கள் இந்த விளையாட்டை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள். இன்று புதியவர்களுக்கான தனிப் பிரிவுகள் வட அமெரிக்காவில்தான் அதிகம்.

எறியும் இரும்பு எடைகள் 28 பவுண்டு, 56 பவுண்டு என்று விநோதமாக இருக்கின்றனவே என்று தோன்றலாம். பிரிட்டிஷ் வணிகத்தில் ஒரு ஹண்ட்ரட்வெயிட் என்பது 112 பவுண்டு. அதில் பாதி 56, கால் பங்கு 28. தானியமும் கம்பளியும் நிறுக்க வைத்திருந்த தராசுக்கற்களையே ஆட்கள் எடுத்து எறிந்து பார்த்திருக்கிறார்கள். அந்த 56 பவுண்டு எறிதல் 1904, 1920 ஒலிம்பிக்கிலும் இருந்தது.

இந்த விளையாட்டின் முதல் பெரிய நட்சத்திரம் டொனால்ட் டின்னி. 1837-இல் பிறந்து 1916 வரை வாழ்ந்தவர், கல்தச்சர் குடும்பத்துப் பிள்ளை. பொட்டார்க் என்ற இடத்துப் பாலத்தருகே அவர் பெயரால் இரண்டு கருங்கற்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து சுமார் 332 கிலோ. இன்றும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து அவற்றைத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஹைலேண்ட் மலைப்பகுதியில் ஓர் இளைஞன் ஆளாகிவிட்டானா என்று பார்க்க ஊருக்கு ஒரு கல் வைத்திருந்த வழக்கமும் உண்டு. நம் இளவட்டக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதை எறிவீர்கள்

இடத்துக்கு இடம் பட்டியல் மாறும். ஆனாலும் இவற்றைச் சந்திப்பீர்கள்.

கல் எறிதலில் இரண்டு வகை. பிரேமார் ஸ்டோன் கனமானது, நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும். பிரேமாரிலேயே ஆண்களுக்கான கல் 28 பவுண்டு. மற்ற இடங்களில் 20 பவுண்டுக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கும். ஓபன் ஸ்டோன் லேசானது, பெரும்பாலும் 16 முதல் 22 பவுண்டு. இதில் சறுக்கியோ சுழன்றோ வந்து எறியலாம். கல் என்றால் நிஜமான கல்தான், ஆற்றிலிருந்து எடுத்தது. கையில் சரியாக உட்காராது. எந்தப் பக்கம் உள்ளங்கைக்குப் பொருந்துகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதே ஒரு வேலை.

எடையைத் தூரம் எறிவதில் ஆண்களுக்கு 28 பவுண்டும் 56 பவுண்டும், பெண்களுக்கு 14-உம் 28-உம். ஒரே கை. தரையில் குறித்த ஒன்பது அடி நீளக் கட்டத்துக்குள் சுழல வேண்டும். முன்னால் 'ட்ரிக்' என்ற நாலரை அடி மரக்கட்டை கிடக்கும். அதன் உட்பக்கத்தில் கால் படலாம். மேலே ஏறினாலோ தாண்டினாலோ ஃபவுல்.

ஹேமர், ஒலிம்பிக்கில் பார்ப்பது அல்ல. எஃகு வயருக்குப் பதில் விறைப்பான நீண்ட கைப்பிடி, முனையில் இரும்புக் குண்டு. ஆண்களுக்கு 16, 22 பவுண்டு, பெண்களுக்கு 12, 16. சுழலக் கூடாது. எறிதிசைக்கு முதுகைக் காட்டிக் காலை ஊன்றிக்கொண்டு, தலையைச் சுற்றிச் சுழற்றித் தோளுக்கு மேலாக விட வேண்டும். கால் பெயராமல் இருக்க பூட்ஸ் முனையில் இரும்புத் தகடு பொருத்தி அதை மண்ணில் குத்திக்கொள்வார்கள்.

எடையைக் கம்பிக்கு மேல் எறிவது: ஆண்களுக்கு 56 பவுண்டு, பெண்களுக்கு 28. இதுவும் ஒரே கைதான். உயரம் தாண்டுதல் போலக் கம்பி ஏறிக்கொண்டே போகும், ஓர் உயரத்துக்கு மூன்று வாய்ப்பு. இதோடு ஷீஃப் என்று ஒன்று, முக்கியமாக அமெரிக்காவில். வைக்கோல் திணித்த சாக்கு மூட்டையை வைக்கோல் அள்ளும் நீண்ட ஃபோர்க்கால் குத்திக் கம்பிக்கு மேல் எறிவது. கடைசியாகக் கேபர், நிமிர்த்திச் சுமந்து ஓடிப் புரட்டி எறியும் நீண்ட மரத்தண்டு. அதற்குத் தனியாக வருகிறேன்.

வயது 40 தாண்டியவர்களுக்கு மாஸ்டர்ஸ் பிரிவு உண்டு. வயது ஏற ஏறச் சில எடைகள் குறையும். உடல் எடை குறைந்தவர்களுக்கும் சில இடங்களில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆளைப் பார்த்து, "இது மலை மாதிரி இருப்பவர்களுக்கான விளையாட்டு" என்று ஒதுங்க வேண்டாம்.

இலக்கை எங்கே வைப்பது

புதிதாக வருபவர்களில் பலர், "இந்த வருடம் முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டும்" என்று ஆரம்பிக்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். அன்றைக்கு யார் வருவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. கல்லூரிக் காலத்தில் குண்டு எறிதல் பழகிய ஒருவர் முதல் முறையாக அதே நாளில் வந்து நின்றால் உங்கள் இலக்கு அங்கேயே போயிற்று. நீங்கள் நன்றாக எறிந்திருப்பீர்கள், ஆனாலும் தோற்றதாக நினைத்து வீட்டுக்குப் போவீர்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். போன் இருக்கிறதே என்பீர்கள். மழையிலும், பிடி வழுக்காமல் பூசும் பிசின் ஒட்டிய கையிலும் போன் உதவாது. நோட்டும் பென்சிலும்தான். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "மே 14. 28 பவுண்டு. ஈரப் புல், எறியும் பக்கம் லேசான இறக்கம். 10 எறி. சிறந்தது 36 அடி 4 அங்குலம். இரண்டாம் சுற்றில் இடது கால் தாமதம்." தூரம் மட்டும் எழுதினால் போதாது. ஒரு ஊரின் ஓபன் ஸ்டோன் 16 பவுண்டு இருக்கும், அடுத்த ஊரில் 20 இருக்கும். இறக்கத்தில் எறிந்த 36 அடியும் சமதரையில் எறிந்த 36 அடியும் ஒன்றல்ல. எடை, தரை, வானிலை, எதில் தப்பு நடந்தது, இவ்வளவும் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.

இலக்குகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் போட்டிக்கு ஒரே இலக்கு போதும்: ஒவ்வொரு நிகழ்விலும் ஒரு செல்லும் எறியாவது வேண்டும். சின்னதாகத் தெரியும். ஆனால் தூரப் போட்டிகளில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று எறி. மூன்றிலும் ட்ரிக்கைத் தாண்டிவிட்டால் அந்த நிகழ்வில் உங்களுக்கு எண்ணே இல்லை. அதனால் முதல் எறியை எப்போதும் 80 சதவீத வேகத்தில், சுத்தமாக எறிந்து ஓர் எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள். அப்புறம் இரண்டாவதில் வேகம் கூட்டலாம்.

அடுத்தது பருவத்துக்கான இலக்கு. இங்கே உங்கள் பலவீனமான நிகழ்வைத் தேடுங்கள். வட அமெரிக்கப் போட்டிகளில் வழக்கமான கணக்கு இது: ஒரு நிகழ்வில் முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2, இப்படியே போகும். எல்லா நிகழ்வையும் கூட்டிக் குறைந்த புள்ளி பெற்றவர் வெல்வார். பத்துப் பேர் இருக்கும் பிரிவில் நீங்கள் கல்லில் இரண்டாவது, ஹேமரில் ஒன்பதாவது என்று வையுங்கள். மூன்று மாதம் கல்லையே எறிந்து முதலிடம் வந்தால் உங்களுக்கு லாபம் ஒரே ஒரு புள்ளி. அதே மூன்று மாதம் ஹேமரில் உழைத்து ஒன்பதிலிருந்து ஐந்துக்கு வந்தால் நான்கு புள்ளி. நன்றாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். கணக்கு அதற்கு நேர் எதிராக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பல ஊர்களில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியே பரிசுப் பணம் உண்டு. ஒரே நிகழ்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அங்கே கொஞ்சம் சாதகம்.

மூன்றாவது, இந்த வாரத்துக்கான இலக்கு. இது தூரமாக இருக்கக் கூடாது, உடலில் நடக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். "28 பவுண்டில் கை கடைசிவரை நீண்டிருக்க வேண்டும்." "ஹேமரில் கால் பெயரக் கூடாது." ஒரு வாரத்துக்கு ஒன்று மட்டும். இரண்டை வைத்தால் இரண்டும் வராது. தூரம் வாரா வாரம் ஏறாது. மூன்று வாரம் ஒரே இடத்தில் நிற்கும், ஒருநாள் திடீரென்று நான்கடி தாண்டும். வார இலக்கைத் தூரத்தில் வைத்தவர்கள் அந்த மூன்று வாரத்தில்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பதினாறு வாரம்

முதல் போட்டிக்கு நான்கு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் எறிதல், இரண்டு நாள் ஜிம். ஏற்கெனவே எடை தூக்கிப் பழகியவர்களுக்கு மூன்றாவது ஜிம் நாள் சேர்க்கலாம், ஆனால் எறிதல் நாளை அதற்குப் பலி கொடுக்காதீர்கள். இந்த விளையாட்டுக்கு ஜிம்மிலிருந்து வருபவர்களின் பொதுவான தவறு அதுதான். டெட்லிஃப்டில் 10 கிலோ கூடியிருக்கும், எறிதலில் ஓர் அங்குலம்கூடக் கூடியிருக்காது.

முதல் நான்கு வாரம் கனமான எதையும் முழு வேகத்தில் எறிய வேண்டாம். தரையில் சுண்ணாம்பால் நேர்கோடு ஒன்று போடுங்கள். வெறுங்கையோடு அந்தக் கோட்டின் மேல் சுழன்று சுழன்று நடங்கள். வலது கைக்காரர் என்றால் இடது பாதத்தின் முன்பகுதியை ஊன்றித் திரும்பி, வலது பாதம் கோட்டில் இறங்கி, உடனே அதில் திரும்பி இடது பாதம் இறங்க வேண்டும். இரண்டு பாதமும் கோட்டில் விழுகிறதா என்று யாரையாவது பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் தலைசுற்றல் குறையும். அப்புறம் ஒரு பழைய துண்டில் முடிச்சுப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். அதற்கடுத்து 10 பவுண்டு, பிறகு 14. கை ஒரு கயிறு, அவ்வளவுதான். கயிறு தானாக இழுக்காது. முழங்கையை மடக்கி எடையை உள்ளே இழுத்தால் வட்டம் சுருங்கிவிடும், தூரமும் சுருங்கிவிடும். சுழலும் எடையைக் கையால் இழுக்கப் பார்த்துத்தான் முழங்கையருகே உள்ள தசைநாரைக் கிழித்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை உண்மையான எடைகள். ஒரு நாளில் மூன்று நிகழ்வுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 எறி. சோர்ந்த உடல் தவறான அசைவைத்தான் மனப்பாடம் செய்யும். ஒரு நாள் கல், 28 பவுண்டு, கேபர் என்று வைத்தால் மற்ற நாள் ஹேமர், 56 பவுண்டு, கம்பி. 56-ஐ எடுத்த எடுப்பில் இரண்டு சுற்று சுழன்று எறிய வேண்டாம். நின்ற இடத்திலிருந்து ஒரு வாரம், ஒரு சுற்றில் இரண்டு வாரம், அப்புறம்தான் முழுதாக.

ஹேமருக்கு ஒரு வார்த்தை. குண்டு ஒரு பக்கம் போகும்போது இடுப்பு எதிர்ப்பக்கம் போக வேண்டும். குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றி விளையாடும்போது நம்மை அறியாமல் பின்னால் சாய்வோமே, அதே சாய்வு. வலது கைக்காரர்களுக்குச் சுழற்சியின் தாழ்ந்த புள்ளி வலது பக்கம், உயர்ந்த புள்ளி இடது தோளுக்குப் பின்னால். மூன்று சுற்று போதும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட வேகமாக வர வேண்டும். முதல் சுற்றிலேயே முழு பலத்தையும் கொடுத்தால் மூன்றாவதில் கொடுக்க எதுவும் இருக்காது.

ஜிம்மில் என்ன செய்வது? ஸ்குவாட், டெட்லிஃப்ட், பவர் கிளீன் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தோளுக்கு எடுப்பது), புஷ் பிரஸ் (காலால் உந்தித் தலைக்கு மேல் தூக்குவது). இவை நான்கும் அடித்தளம். ஒரு செட்டுக்கு மூன்று முதல் ஐந்து தடவை, நல்ல எடையில், ஆனால் அசைவு மெதுவாகிவிடாத அளவில். கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஸ்விங் கம்பிக்கு மேல் எறிவதற்கு நேரடியாக உதவும், இடுப்பைத் திறக்கும் அதே அசைவுதான். இரண்டு கையிலும் கனத்தைப் பிடித்து நடப்பது பிடிமானத்துக்கு. தோள் சுழற்சித் தசைகளுக்கு ரப்பர் பட்டையில் தினமும் ஐந்து நிமிடம். பெஞ்ச் பிரஸ் கல்லுக்குக் கொஞ்சம் உதவும், அதற்கு மேல் அதில் நேரம் போட வேண்டியதில்லை.

பதின்மூன்று, பதினான்காம் வாரங்களில் ஒரு சனிக்கிழமை ஒத்திகைப் போட்டி வையுங்கள். எல்லா நிகழ்வும் வரிசையாக, ஒவ்வொன்றிலும் மூன்றே எறி, நடுவில் போட்டியில் இருப்பது போலக் காத்திருப்பு. உடல் ஆறிப்போன பிறகு எழுந்து முழு வேகத்தில் எறிவது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் தெரியும். கடைசி இரண்டு வாரம் ஜிம் எடையைப் பாதியாக்குங்கள். போட்டிக்கு நான்கு நாள் முன்பே கனமான எறிதலை நிறுத்திவிடுங்கள். சும்மா இருக்கக் கை துறுதுறுக்கும். சும்மா இருங்கள்.

கருவிகள் கிடைக்காதபோது

புதியவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பக்கத்தில் குழு இருக்காது. கல்லுக்குச் செலவே இல்லை, ஆற்றங்கரையில் குனிந்து எடுக்க வேண்டியதுதான். வீட்டுத் தராசில் நிறுத்து, எடையைச் சுண்ணாம்பால் மேலே எழுதிவிடுங்கள். ஒரு கெட்டில்பெல்லில் தடித்த சங்கிலி இரண்டு கண்ணியும் வட்டக் கைப்பிடியும் மாட்டினால் எறியும் எடை தயார். போட்டி எடையின் மொத்த நீளம் கைப்பிடியோடு சேர்த்து 18 அங்குலம், அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எறிக்கும் முன்னால் கொக்கி, கண்ணி எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள், கையால் இழுத்துப் பாருங்கள். கம்பிக்குப் பதில் இரண்டு கம்பங்களுக்கிடையே ஒரு ரப்பர் கயிறு கட்டினால் போதும்.

ஹேமரை மட்டும் வீட்டில் செய்யச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. குண்டு கழன்று போனால் எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது. அதற்கு விலை கொடுத்து நல்லதாக ஒன்று வாங்குங்கள், அல்லது வைத்திருப்பவரிடம் போய்ப் பழகுங்கள். எறியும்போது முன்னால் மட்டுமல்ல, இரண்டு பக்கமும் பின்னாலும்கூட ஆள் இருக்கக் கூடாது. நாய் நடத்த வருபவர்கள் இருக்கும் பூங்கா இதற்கு இடமே இல்லை.

கேபர்

எல்லோரும் இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள், எல்லோரும் இதைத்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கேபரில் தூரத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்த மரத்தண்டு. சிறுத்த முனையைக் கையில் ஏந்தி, ஓடி, பருத்த முனை தரையில் குத்தி, கையில் இருந்த முனை மேலே எழும்பி அந்தப் பக்கமாக விழ வேண்டும். விழுந்த தண்டு நீங்கள் ஓடிய திசைக்கு நேராகக் கிடந்தால் கடிகாரத்தில் 12 மணி. அதுதான் முழு மதிப்பெண். சற்று விலகினால் 11:30, 1 மணி என்று நடுவர் சொல்வார். தண்டு புரளாமல் உங்கள் பக்கமே விழுந்தால், அது எவ்வளவு கோணம் எழும்பியது என்று பக்கவாட்டு நடுவர் பார்த்துச் சொல்வார். பிரேமார் கேபர் 19 அடி 9 அங்குலம், 132 பவுண்டு, அதாவது ஆறு மீட்டர், அறுபது கிலோ. நீங்கள் 14, 15 அடி உயரமும் 30 கிலோவுக்குச் சற்று மேலும் உள்ள ஒன்றில் தொடங்குங்கள்.

உதவியாளர்கள் தண்டை நிமிர்த்திக் கொடுப்பார்கள். சிறுத்த முனை தரையில், உங்கள் காலருகே. தோளை மரத்தில் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு கை விரல்களையும் தண்டுக்குப் பின்னால் கோத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் மரத்தின் சொரசொரப்பு படும். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தலைக்கு மேலே பதினைந்து அடி உயரத்தில் மரத்தின் நுனி சின்னதாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டம் அடங்கும்வரை மூச்சு விட்டுக்கொண்டே காத்திருங்கள். பிறகு தண்டை ஒரு கையளவு துள்ள விட்டு, அது மேலே இருக்கும் அந்தக் கணத்தில் கோத்த கையை அடிமுனைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். எல்லாம் நடப்பது இந்தக் கணத்தில்தான். எழுந்து நிற்கும்போது கை முன்னால் நீண்டு போகாமல் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும்.

ஓட்டம் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். நுனி முன்னால் சாயத் தொடங்கும்போது திடீரென்று நில்லுங்கள். நீங்கள் நின்றுவிடுவீர்கள், மரத்தின் மேல்பகுதி போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் காலும் இடுப்பும் சேர்ந்து எழும்பி, கைகளை வேகமாகத் தலைக்கு மேலே இழுக்க வேண்டும். சீக்கிரம் இழுத்தால் தண்டு உங்கள் பக்கமே திரும்ப விழும். தாமதித்தால் இழுக்க எதுவும் மிச்சமிருக்காது. அந்த நேரத்தைப் பிடிக்க எனக்கு ஒரு முழுப் பருவம் ஆனது. முதல் முறை 12 மணிக்கு விழுந்தபோது மண்ணில் குத்திய அதிர்வு பாதம் வரை வந்தது, அது இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு விதி மட்டும் மறக்கக் கூடாதது. தண்டு கை மீறிச் சாயத் தொடங்கினால் விட்டுவிட்டு விலகுங்கள். பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், தாங்கப் பார்க்காதீர்கள். கை கோத்திருக்கும்போதே அதை எப்படிப் பிரித்துப் பின்வாங்குவது என்று முதல் நாளிலேயே பத்துத் தடவை பழகிக்கொள்ளுங்கள். கம்பிக்கு மேல் 56 பவுண்டு எறியும்போதும் இதே எச்சரிக்கை. விட்ட உடனே மேலே பாருங்கள், நேர் மேலே போயிருந்தால் அது நேர் கீழேதான் வரும்.

போட்டி நாள்

கில்ட் கட்டாயம். ஆரம்பத்தில் விலை குறைந்ததே போதும், உள்ளே ஒட்டிய அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ரக்பி அல்லது பேஸ்பால் முள் ஷூ வேண்டும், இரண்டு ஜோடி இருந்தால் நல்லது. நான்கு ஜோடி சாக்ஸ். ஸ்காட்லாந்தில் ஒரே நாளில் வெயிலும் மழையும் வரும். விரலில் சுற்ற டேப், கையில் பூச ஜிம் சாக் பவுடர், ஹேமருக்குப் பிசின், பிசினைத் துடைக்கக் கொஞ்சம் எண்ணெய், மடக்கு நாற்காலி, குடை.

சாப்பாட்டில் பலர் கோட்டை விடுகிறார்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை நாலைந்து மணி வரை போகும். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டால் அடுத்து கேபர் காத்திருக்கும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் நடுவில் கொஞ்சமாக, வாழைப்பழம், சாண்ட்விச், உப்புக் கலந்த தண்ணீர் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கட்டும். எனக்குத் தயிர் சாதம் நன்றாக ஒத்துப்போகிறது, டப்பாவில் குளிர்ந்தே இருக்கும், சீக்கிரம் செரிக்கும்.

களத்து மரியாதையும் பயிற்சியின் ஒரு பகுதிதான். உங்கள் முறை இல்லாதபோது மற்றவர்கள் எறிந்த எடையை எடுத்து வந்து கொடுங்கள். கையில் சுமந்து வாருங்கள், திருப்பி எறியாதீர்கள். கேபர் நிமிர்த்த ஆள் தேவைப்படும், முன்னால் போய் நில்லுங்கள். இந்த விளையாட்டில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: உங்களைத் தோற்கடிக்கப் போகிறவரே அடுத்த எறிக்கு முன் வந்து, "இடது காலைச் சீக்கிரம் வை" என்று சொல்லிவிட்டுப் போவார். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று பேர் மூன்று யோசனை சொன்னால் அன்றைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம், நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் முயன்று பாருங்கள்.

அன்று மாலை காரில் ஏறியதும், கையில் பிசின் இருக்கும்போதே, எல்லா எண்களையும் எழுதிவிடுங்கள். ஒவ்வோர் எடையும், தரையும், செல்லாமல் போன எறிகளும். மறுநாள் காலை எழும்போது முதுகும் உள்தொடையும் பிடித்துக்கொண்டிருக்கும், இரண்டு நாள் நடை மட்டும் போதும். மூன்றாம் நாள் நோட்டைத் திறந்து, எந்த நிகழ்வில் கடைசியாக வந்தீர்கள் என்று பார்த்து, அதிலிருந்து அடுத்த வாரத்தைத் தொடங்குங்கள்.